கட்டிலை நகர்த்தியது யார்

சனிக்கிழமை ராத்திரி கட்டில் உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரம்மா போன் செய்தார். இரண்டில் எது பெரிய சங்கடம் என்று பாப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியும். இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வரி. பாப்பா என்பது பெயர்தானே தவிர, வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில், லென்ஸ் தீட்டும் இயந்திரத்துக்கு முன்னால் அவளுக்கு வேலை. மாடியில் ஒற்றைப் படுக்கையறை வைத்த வாடகை வீடு. கட்டில், பீரோ, நாற்காலி எல்லாம் வீட்டுக்காரம்மாவுடையவை.

அங்கேதான் அம்மா வந்து சேர்ந்தாள். தன் தங்கைக்குக் கண் ஆபரேஷன் என்று அவள் துணைக்குப் போயிருந்த நாட்களில், அப்பா அவளுடைய தையல் அறையைக் காலி செய்து, தன் தம்பியின் தண்ணீர் வடிகட்டி வியாபாரத்துக்குச் சரக்கு வைக்கக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்த அம்மா கதவைத் திறந்தால் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டி. மெஷின் எங்கே என்று கேட்டதற்கு, "தம்பி வீட்டு ஷெட்டுல பத்திரமா இருக்கு, நீயும் எத்தனை நாள்தான் தைப்பே" என்றார் அப்பா. அம்மா சண்டை போடவில்லை. ஊரிலிருந்து கொண்டு வந்த பையைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவள் வருவதற்கு முந்தின வாரமே பாப்பா இந்த வீட்டை மாதக் கடைசியில் காலி செய்வதாக வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தாள். கடையின் தலைமைப் பட்டறை வேறு ஊரில் இருக்கிறது. அங்கே போக வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதுதான் கிடைத்தது.

தினமும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைப்பாள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவாள்.

"மத்தியானத்துக்கு மேல ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரேம்மா. வீட்டைப் பாக்கணும்னு சொல்றாங்க. கொஞ்சம் ஒழுங்குபண்ணி வை" என்றார் போனில் வீட்டுக்காரம்மா.

குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாப்பா பேசினாள். "இன்னிக்கேவா? அடுத்த வாரம் வரச் சொல்லலாமே."

"அவங்களுக்கு இன்னிக்குத்தான் லீவாம். ஏன், வீட்ல ஏதும் விசேஷமா?"

"இல்ல. வாங்க."

விசேஷம் படுக்கையறையில் சாய்ந்து கிடந்தது. தலைமாட்டுப் பக்கம் ஒரு மூலை தரையில் இறங்கி, மெத்தை சறுக்குமரம் மாதிரி சரிந்திருந்தது. அம்மாவும் மகளும் ராத்திரி மெத்தையை மட்டும் உருவி ஹாலில் போட்டுப் படுத்தார்கள். காலையில் மறுபடி உள்ளே தூக்கி வைத்தாயிற்று.

பாப்பா தம்பிக்கு போன் செய்தாள். தம்பிக்கு வீட்டுப் பெயர் குண்டு. சின்ன வயதில் வைத்தது. ஆள் இளைத்துவிட்டான், பெயர் இளைக்கவில்லை. ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை. ஸ்க்ரூவால் மாட்டிய எதையும் தன்னால் சரிசெய்ய முடியும் என்பது அவன் நம்பிக்கை.

*

குண்டு வந்ததும் மெத்தையைத் தூக்கி நிறுத்தினான். குறுக்குப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் சாய்த்தான். தரையில் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தில் மூலையைப் பார்த்தான்.

"இது மரமே இல்லக்கா. மரத்தூளைப் பசை போட்டு அமுக்கி, மேல படம் ஒட்டியிருக்கான். போல்ட் போற ஓட்டையே பிஞ்சு போச்சு பாரு. உள்ள கோதுமை மாவு மாதிரி உதிருது."

"சரி பண்ண முடியுமா?"

"பசை போட்டா காய ஒரு நாள் ஆகும்."

"மத்தியானம் ஆள் வருதுடா."

"அப்போ ஒரே வழிதான். எல் மாதிரி வளைஞ்ச இரும்புப் பட்டை வாங்கிட்டு வந்து, தலைப்பலகையையும் பக்கச் சட்டத்தையும் சேர்த்து முடுக்கிடணும். பாரத்தைப் பட்டை தாங்கிக்கும்." எழுந்து கைகளைத் தட்டிக்கொண்டான். "ஆனா ஒண்ணு புரியல. ரெண்டு பேர் உட்கார்ந்ததுக்கு இது இப்படி உடையாது. மேலேருந்து அழுத்தினா கீழதான் இறங்கும். இங்க பக்கவாட்டுல பிஞ்சிருக்கு."

"என்ன அர்த்தம்?"

"யாரோ இழுத்திருக்காங்கன்னு அர்த்தம்."

அவன் இரும்புக் கடைக்குக் கிளம்பினான். பாப்பா அறை நடுவில் நின்று தரையைப் பார்த்தாள். வெளிறிய டைல்ஸ் தரை. கட்டில் காலிலிருந்து ஜன்னல் பக்கம் வரைக்கும் இரண்டு கோடுகள் ஓடின. புதுக் கீறல்.

அம்மா கதவருகே வந்து நின்றாள். கையில் ஈரத் துணி.

"அம்மா, கட்டிலை நகர்த்தினியா?"

"நேத்து மத்தியானம். நீ வேலைக்குப் போயிருந்தப்ப." அம்மா குனிந்து ஒரு கீறலைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. "மெத்தையோட சேர்த்து இழுத்துட்டேன். சடக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. பயந்துபோய் மறுபடி பழைய எடத்துக்கே தள்ளி, மேல விரிப்பைப் போட்டுட்டேன்."

"ராத்திரி விழுந்தப்ப சொல்லியிருக்கலாமே. நான் என் வெயிட்டைப் பத்தி விடிய விடிய கவலைப்பட்டுட்டு இருந்தேன்."

"அதான் சொல்லல. கவலைப்பட்டா நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "எதுக்கு இழுத்தே?"

"இந்த ஜன்னல்ல காலையிலேருந்து நாலு மணி வரைக்கும் வெளிச்சம் மாறவே மாட்டேங்குது, கவனிச்சியா? கட்டிலை அந்தச் சுவரோரம் தள்ளிட்டா இங்க ஒரு மெஷின் தாராளமா போடலாம். நூல் கோக்க லைட்டே வேணாம்." அம்மா கையை விரித்து அளந்து காட்டினாள். "பக்கத்துத் தெருவுல பள்ளிக்கூடம் இருக்கு. முந்தாநாள் கேட் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்தேன். பசங்க யூனிஃபார்ம் எல்லாம் தோள்ல தொங்குது. ரெடிமேடா வாங்கினதுதான். அளவே சரியில்ல."

இதுதான் நேரம் என்று பாப்பாவுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். அம்மா இன்னும் கையை விரித்தபடியே, வெறும் தரையில் இல்லாத மெஷினைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

"அம்மா."

"சொல்லு."

"அடுப்புல ஏதாச்சும் வச்சிருக்கியா?"

"இல்லையே."

"ஏதோ வாடை வந்த மாதிரி இருந்துச்சு."

அம்மா சமையலறைப் பக்கம் போனாள். பாப்பா சுவரில் சாய்ந்து, தன் மீதே எரிச்சல்பட்டுக்கொண்டு நின்றாள்.

*

குண்டு பட்டைகளோடு வந்தான். அக்கா சட்டத்தைத் தூக்கிப் பிடிக்க, அவன் குறி போட்டு டிரில்லை வைத்தான். பேச்சை மறைக்க டிரில் சத்தம் வசதியாக இருந்தது.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"வீடு பாக்க ஆள் வந்து நிக்கும்போதுதான் சொல்லுவியா?"

"கீழே போய் சோப்பு வாங்கிட்டு வான்னு அந்த நேரத்துக்கு அனுப்பிடலாம்னு நினைச்சேன்."

"நல்லாருக்கு." டிரில்லை நிறுத்தி, தூளை ஊதினான். "நீ போறதே ஒரு விதத்துல நல்லதுக்கா. அம்மாவுக்கு வேற வழி இருக்காது. திரும்பிப் போயிடுவாங்க. எத்தனை நாள் இப்படி? நானே மாமியார் வீட்ல ஒரு ரூம்ல இருக்கேன். என்னால கூட்டிட்டுப் போக முடியுமா?"

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க? அங்க நீ ஹாஸ்டல்ல தங்கப் போறே."

ராத்திரி முழுக்க ஹால் கூரையைப் பார்த்துக்கொண்டு பாப்பா இதே கணக்கைத்தான் போட்டுப் பார்த்திருந்தாள். போகாமல் இருந்துவிடலாமா என்று கூட. அந்த நினைப்பு வந்ததுமே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

"இன்னொண்ணு" என்றான் குண்டு, முகத்தைப் பார்க்காமல். "அப்பாவை வரச் சொல்லியிருக்கேன். சாயங்காலம்."

"என்னது?"

"கத்தாதே. நேர்ல பேசினா தீர்ந்துடும்."

"யாரைக் கேட்டு வரச் சொன்னே?"

பதில் சொல்வதைத் தவிர்க்க அவன் டிரில்லை அழுத்தினான். கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டான். தலைப்பலகையின் அந்தப் பக்கம் 'படக்' என்று ஒரு சத்தம். இருவரும் எட்டிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிகிற முன்பக்கத்தில், டிரில் முனை வழவழப்பான பலகையைப் பெயர்த்துக்கொண்டு வெளியே நின்றது.

"ஜெராக்ஸ் மெஷின்ல இப்படி ஆகாது" என்றான் குண்டு.

சத்தம் கேட்டு அம்மா வந்துவிட்டாள். ஓட்டையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். சின்ன வயதில் அவன் வாட்சைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது பார்த்த அதே பார்வை.

"மூடி வைக்க ஏதாச்சும் ஸ்டிக்கர் இருக்கா?" என்றாள் பாப்பா.

"ஒட்டுப் போட்ட மாதிரி அசிங்கமா இருக்கும்." அம்மா ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். "ஒரு எடத்துல இருந்தாத்தான் ஓட்டை. டேய், இதே உயரத்துல வரிசையா இன்னும் ரெண்டு போடு. அந்தப் பக்கமும் அதே மாதிரி. போல்ட்டை முன்னாடியிலேருந்து விட்டு, பின்னாடி நட்டு போட்டு முடுக்கு. பட்டைக்கும் பலம்தானே?"

குண்டு யோசித்தான். "பலம்தான். ஆனா போல்ட் தலை வெளிய தெரியுமே."

"அதை நான் பாத்துக்கறேன்."

பையிலிருந்து கத்தரியையும் நூல்கண்டையும் எடுத்தாள். தங்கை வீட்டுக்கு ஜன்னல் திரை தைத்தபோது மிச்சமான கரும்பச்சைத் துணி ஒரு துண்டு அதே பையில் இருந்தது. வட்டம் வட்டமாக வெட்டி, ஓரத்தில் நூலோட்டி, ஒவ்வொரு போல்ட் தலையையும் உள்ளே வைத்துச் சுருக்கி இழுத்தாள். துணி சுற்றிய பொத்தான்கள் மாதிரி ஆகிவிட்டன. குண்டு அவற்றை ஒவ்வொன்றாகச் செருகி, பின்பக்கம் முடுக்கினான். பலகையின் இரண்டு ஓரத்திலும் மும்மூன்று பச்சைப் பொத்தான்கள்.

பாப்பா நாலடி தள்ளி நின்று பார்த்தாள். வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது போலத் தெரிந்தது.

மெத்தையைப் போட்டு விரிப்பை இழுத்துவிட்டு நிமிரவும், வாசலில் பெல் அடிக்கவும் சரியாக இருந்தது. சோப்பு வாங்க அனுப்புகிற யோசனைக்கு நேரமே இல்லை.

*

வீட்டுக்காரம்மாவோடு வந்தவர்கள் புதிதாகக் கல்யாணமானவர்கள். அந்தப் பையன் எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்த்தான். கதவைத் தட்டினான், பீரோவைத் தட்டினான். படுக்கையறைக்குள் வந்ததும், "கட்டில் உறுதியா இருக்குமா?" என்று கேட்டபடியே பொத்தென்று உட்கார்ந்தான்.

குண்டு கண்ணை மூடிக்கொண்டான். கட்டில் ஒரு முனகல் முனகியது. அவ்வளவுதான். தாங்கிவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்றான் பையன்.

"பத்திரமா வச்சிருக்கும் இந்தப் பொண்ணு. எனக்கே மனசில்ல அனுப்ப. என்ன பண்றது, வேற ஊருக்கு வேலை மாத்திட்டாங்க. மாசக் கடைசில காலி பண்ணிடும்" என்றார் வீட்டுக்காரம்மா.

அம்மா தண்ணீர்த் தம்ளர்களோடு கதவருகே நின்றிருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்று கொடுத்தாள், பையனுக்கு ஒன்று. "குடிங்க. மாடி ஏறி வந்திருக்கீங்க" என்றாள். துணி காயப்போடும் இடத்தைக் காட்ட வீட்டுக்காரம்மா அவர்களை பால்கனிக்கு அழைத்துப் போகும் வரைக்கும் அம்மா அந்த இடத்திலேயே நின்றாள்.

பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"உங்கப்பா என்னைக் கேக்காம ஒரு ரூமைத்தான் காலி பண்ணாரு. நீ வீட்டையே காலி பண்ணியிருக்கே."

"அம்மா, நீ வர்றதுக்கு முன்னாடியே சொன்னது. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அவரும் அதையேதான் சொன்னாரு."

பாப்பாவின் முகம் சுருங்கியது. குண்டு குறுக்கே வந்தான். "விடும்மா, அவ பயந்துட்டா."

"நீ பேசாதே. உனக்கும் தெரியும்தானே?"

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"போகாதேன்னு சொல்லுவேன்னு நினைச்சியா?" அம்மா மகளிடம் கேட்டாள். குரல் உயரவில்லை.

"ஆமா" என்றாள் பாப்பா. இவ்வளவு நாள் சுற்றிச் சுற்றி வந்தது ஒரேயடியாக வெளியே வந்தது. "நீ ஒரு தடவை சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன். இருந்துட்டு, அதுக்கப்புறம் தினமும் உன் மேல எரிஞ்சு விழுந்திருப்பேன். அதான் சொல்லல."

அம்மா விரிப்பின் ஓரத்தில் இல்லாத ஒரு மடிப்பை நீவிவிட்டாள்.

"எத்தனை வருஷமா கேட்டுட்டு இருந்தே இந்த வேலையை?"

"மூணு."

"எனக்குத் தெரியவே தெரியாதே."

"உனக்கு உன் பாடே பெரும்பாடா இருந்துச்சு."

"அது சரி. போ" என்றாள் அம்மா. "கண்டிப்பா போ. என்னை யாரு வச்சிக்கிறதுன்னு நீங்க ரெண்டு பேரும் டிரில்லை ஓட்டிக்கிட்டே பேசினது சமையலறை வரைக்கும் நல்லாவே கேட்டுச்சு. வீடு காலியாகுதுங்கிறதுதான் டிரில் சத்தத்துல கேக்கல. என்ன வேணும்னு என்னை ஒருத்தரும் கேக்கல, கவனிச்சீங்களா?"

குண்டு ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தான். பாப்பா தரையைப் பார்த்தாள்.

அம்மா புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேரே பால்கனிக்குப் போனாள்.

*

வந்தவர்கள் நாளைக்குச் சொல்கிறோம் என்று இறங்கிப் போய்விட்டார்கள். வீட்டுக்காரம்மா செருப்பை மாட்டப் போனவர், அம்மா அந்த வீட்டை வாடகைக்குக் கேட்டதும் காலை வெளியே எடுத்துவிட்டார்.

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"யார் யார் இருப்பீங்க?"

"நான்."

"உங்க வீட்டுக்காரரு?"

"அவருக்கு வீடு இருக்கு."

வீட்டுக்காரம்மா பாப்பாவைப் பார்த்தார். உனக்குத் தெரிந்துதான் நடக்கிறதா என்ற பார்வை. பாப்பாவுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. ஆனால் ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று லேசாக அசைந்து கொடுத்தது.

"நான் தையல்காரி. வாடகையைத் தைச்சே கட்டிடுவேன். ஆனா முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் அம்மா. "அந்தக் கட்டிலை நான்தான் உடைச்சேன். இன்னிக்குக் காலையிலதான் சரி பண்ணோம். தரையிலயும் கீறல் விழுந்திருக்கு. தெரிஞ்சுக்கிட்டே கொடுக்கறதா இருந்தா கொடுங்க."

குண்டு தலையில் கை வைத்துக்கொண்டான். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் ஒரே வாக்கியத்தில் போனது.

வீட்டுக்காரம்மா உள்ளே போனார். விரிப்பைத் தூக்கிப் பட்டையைப் பார்த்தார், கீறலைக் காலால் தடவினார், கடைசியில் ஒரு பச்சைப் பொத்தானை விரலால் நெருடினார்.

"இது முன்னாடி இல்லையேன்னு வந்ததுலேருந்து நினைச்சிட்டு இருந்தேன்" என்றார். கோபமா, என்ன என்று முகத்தில் தெரியவில்லை. "கீழ் வீட்ல கைக்குழந்தை இருக்கு. மெஷின் சத்தத்துக்கு அவங்க என்ன சொல்வாங்களோ. அந்தப் பையனும் பொண்ணும் வேற நாளைக்குச் சொல்றேன்னு போயிருக்காங்க. எல்லாம் பார்த்துத்தான் சொல்லணும். அவசரப்படுத்தாதீங்க."

"அவசரமே இல்ல" என்றாள் அம்மா.

அவர் படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் கீழே ஹாரன் சத்தம் கேட்டது. இரண்டு தடவை, இடைவெளி விட்டு. குண்டு சட்டென்று பால்கனிப் பக்கம் திரும்பினான்.

"நீதானே கூப்பிட்டே?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"கூப்பிட்டதுல தப்பில்ல. என்கிட்ட சொல்லிட்டுக் கூப்பிட்டிருக்கலாம்." கண்ணாடி முன்னால் நின்று முடியைச் சரிசெய்துகொண்டாள். "மேல வரச் சொல்லாதீங்க. நானே போறேன். நீங்க ரெண்டு பேரும் கூட வர வேணாம்."

"என்னம்மா பேசப் போறே?" என்றாள் பாப்பா.

"தெரியல. நடந்துட்டே யோசிச்சுக்கறேன்."

அக்காவும் தம்பியும் பால்கனிக்கு ஓடினார்கள். கீழே அப்பாவின் கார் நின்றிருந்தது. கூரையில் பயிற்சிப் பள்ளியின் மஞ்சள் பலகை. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது அப்பாவின் தொழில். அந்தக் காரில் பக்கத்து ஸீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. யார் ஓட்டினாலும் நிறுத்துவது அவர் காலில்தான் இருக்கும்.

அப்பா இறங்கிச் சுற்றி வந்து முன்கதவைத் திறந்து பிடித்தார். இன்று சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். அது மேலேயிருந்தே தெரிந்தது. அம்மா அவரெதிரே நின்று ஏதோ சொன்னாள், மூன்று நான்கு வார்த்தைதான் இருக்கும். பிறகு திறந்திருந்த கதவைத் தாண்டி, தெருவோரமாக நடக்க ஆரம்பித்தாள்.

அப்பா கதவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். அவசரமாக உள்ளே ஏறினார். கார் முதல் கியரில் ஊர்ந்து அம்மாவை எட்டியது. பக்கத்திலேயே, அவள் நடைக்குத் தகுந்த வேகத்தில் போனது. ஜன்னல் வழியே அப்பா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போனார். பின்னால் ஒரு பாரவண்டிக்காரன் பொறுமையிழந்து ஹாரனை அழுத்தினான். அப்பா விலகவில்லை, அம்மாவும் நிற்கவில்லை.

"ஏறிடுவாங்களாக்கா?"

"தெரியலடா."

"நீ எதை நினைக்கிறே, ஏறணும்னா, வேணாம்னா?"

பாப்பாவுக்குக் கீழே ஓடிப் போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும் போலிருந்தது. அதைச் செய்யாமல் இருப்பதற்காகவே பால்கனிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தெருமுனையில் அம்மா நின்றாள். காரும் நின்றது. அவள் குனிந்து, ஜன்னல் வழியே அப்பாவிடம் முதல் தடவையாக நீளமாக ஏதோ பேசினாள். அப்பாவின் கை ஆடுவது நின்றது.

அந்த நேரம் பார்த்துக் குறுக்குத் தெருவிலிருந்து ஒரு பஸ் திரும்பி, இருவரையும் மறைத்துக்கொண்டு நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். குண்டு கால்விரலில் எக்கிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

பஸ் நகர்ந்தபோது அந்த முனையில் அம்மாவும் இல்லை, காரும் இல்லை.